முதல் இருநூறு பேர்

இந்தியாவில் ஓர் இரைப்பைக் குடலியல் வல்லுநர் உருவாகக் குறைந்தது 11½ ஆண்டுகள் ஆகின்றன. பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு எம்.டி., அதன்மேல் மூன்றாண்டு டி.எம். நுழைவுத்தேர்வுகளுக்குக் காத்திருந்த ஆண்டுகளும் ஒப்பந்தப் பணி ஆண்டுகளும் இக்கணக்கில் சேரவில்லை. இத்தனைக்குப் பிறகும், அடைபட்ட பித்தநாளத்தைத் தனியாக நின்று திறக்கும் துணிவு டி.எம். முடித்த அனைவருக்கும் வாய்ப்பதில்லை. அது அவர்களுடைய குறை அன்று. கல்லீரல் நோய், குடல் அழற்சி, கணைய நோய், ஊட்டச்சத்து, புற்றுநோய், அன்றாடப் புறநோயாளர் பிரிவு என அனைத்தும் அந்த மூன்றாண்டுக்குள்ளேயே அடங்கியாக வேண்டும். சிகிச்சை எண்டோஸ்கோப்பிக்கு எஞ்சும் பொழுது குறைவு. அந்த இடைவெளியை நிரப்பவே உயர்நிலை ஃபெலோஷிப் பயிற்சி தோன்றியது.

இப்பயிற்சி பற்றிய பேச்சு பெரும்பாலும் மருத்துவரின் பக்கத்திலிருந்தே எழுகிறது. எந்த மையம் சிறந்தது, உதவித்தொகை எவ்வளவு, முடித்தபின் எங்கே வேலை கிடைக்கும் என்பவையே அதில் கேட்கப்படும் கேள்விகள். அவை நியாயமானவையே. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து எழ வேண்டிய ஒரு கேள்வி உண்டு. ஒருவர் தேர்ச்சி பெறுவதற்கு முன் அவர் கையில் கிடக்கும் முதல் இருநூறு பேர் யார்?

இருநூறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, சிகிச்சையின் தன்மையைச் சற்றே விளக்க வேண்டும். ஈ.ஆர்.சி.பி. எனப்படும் முறையில், பக்கவாட்டில் பார்க்கும் கண்ணுடைய குழாய் வாய்வழியே இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலை அடைகிறது. அங்கே பாப்பில்லா என்னும் சிறு மொட்டுப்போன்ற வாயில் உள்ளது. பெரும்பாலோரிடம் பித்தநாளமும் கணைய நாளமும் அந்த ஒரே வாயிலில்தான் வந்து திறக்கின்றன. மயிரிழை போன்ற கம்பி முதல் நாளத்துக்குள் புக வேண்டும். இரண்டாவதைச் சீண்டக் கூடாது. பிறகு மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் சுருக்குத்தசை வெட்டப்படுகிறது. கல் இருப்பின் பலூனாலோ கம்பிக்கூடையாலோ வெளியே இழுக்கப்படுகிறது. கட்டி இருப்பின் ஸ்டென்ட் பொருத்தப்படுகிறது. மருத்துவரின் கண் ஒரு திரையில் குடலின் உட்புறத்தையும் மறு திரையில் எக்ஸ்ரே நிழலையும் மாறி மாறிப் பார்க்கிறது. கை தவறினால் கணைய அழற்சி, இரத்தக்கசிவு, குடலில் துளை, நாளத்தில் சீழ் என விளைவுகள் வரும். கணைய அழற்சி மட்டுமே நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேருக்கு நேர்வதாக ஆய்வுகள் கூறுகின்றன. பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுவர். சிலர் வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பர். மிகச் சிலர் மீள்வதில்லை.

இத்துறையின் வரலாறு நீண்டதன்று. வளையும் கண்ணாடியிழை உள்நோக்கியை அமெரிக்காவின் மிச்சிகனில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957இல் பயன்படுத்தினார். பாப்பில்லாவுக்குள் குழாய் செலுத்திய முதல் அறிக்கை 1968இல் வில்லியம் மக்கூன் குழுவினரிடமிருந்து வந்தது. 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியே சுருக்குத்தசை வெட்டும் முறை அறிவிக்கப்பட்டது. அந்தத் தலைமுறைக்கு ஆசிரியர் இல்லை. தாமே முயன்று தாமே தவறிக் கற்றார்கள். அடுத்த தலைமுறைக்கு வேறொரு வசதி இருந்தது. நோயைக் கண்டறிவதற்காக மட்டுமே அன்று ஏராளமான ஈ.ஆர்.சி.பி.கள் செய்யப்பட்டன. வெட்டோ ஸ்டென்ட்டோ தேவைப்படாத அந்த எளிய நோயாளிகளிடம் மாணவர்கள் முதலில் கைபழகினர். எம்.ஆர்.ஐ. வழியே நாளங்களைப் படமெடுக்கும் முறை பரவியபின் அவ்வகை நோயாளிகள் மறைந்துவிட்டனர். நோயாளிக்கு அது பெரும் நன்மை. ஆனால் கற்பவருக்கு முதற்படி போய்விட்டது. இன்று மேசைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் உண்மையான சிகிச்சை தேவை. முதல் நாள் மாணவரின் முன்னும் கடினமான நோயே கிடக்கிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வு, குறைந்தது 180 முறையாவது செய்யாமல் ஒருவர் தேர்ச்சி நிலையை எட்டுவதில்லை என்று காட்டியது. அதுவரை அதைவிடச் சிறிய எண்களே போதுமெனக் கருதப்பட்டு வந்தன. பின்னர் அமெரிக்க எண்டோஸ்கோப்பிச் சங்கம், தேர்ச்சியை மதிப்பிடத் தொடங்குவதற்கே 200 தேவை என்றது. ஐரோப்பியச் சங்கம் அண்மையில் ஈ.ஆர்.சி.பி.க்கு 300, எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டுக்கு 250 என வரையறுத்தது. அமெரிக்காவில் மூன்றாண்டு ஃபெலோஷிப்புக்குப் பின் நான்காம் ஆண்டு ஒன்று இதற்கெனவே தனியாக வைக்கப்பட்டதற்கு இந்த எண்களும் ஒரு காரணம்.

எண்ணைச் சொல்வது எளிது. எதை எண்ணுவது என்பதில்தான் சிக்கல். முன்பே வெட்டப்பட்ட பாப்பில்லாவில் பழைய ஸ்டென்ட்டை எடுத்துப் புதியதை வைப்பதும் ஓர் ஈ.ஆர்.சி.பி.தான். இதுவரை எவரும் தொடாத பாப்பில்லாவில் கம்பியை நுழைப்பதும் ஓர் ஈ.ஆர்.சி.பி.தான். பதிவேட்டில் இரண்டும் ஒன்றாகவே ஏறும். கடினத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. அதுபோலவே ஆசிரியர் கம்பியை நுழைத்துக் கொடுத்தபின் மாணவர் கல்லை மட்டும் இழுத்தால் அது யார் கணக்கு? அருகில் நின்று பார்த்தது எந்தக் கணக்கு? ஐநூறு முறை 'பங்கேற்ற' ஒருவர், தொடாத பாப்பில்லாவை ஐம்பது முறைகூடத் தாமே திறந்திராமல் சான்றிதழ் பெற முடியும். நன்கு கற்றவருக்கான அளவுகோலாக இன்று உலகளவில் ஏற்கப்பட்டது, தொடாத பாப்பில்லாவில் நூற்றுக்குத் தொண்ணூறு முறையேனும் உரிய நாளத்தை எட்டுவது. ஒரு ஃபெலோவுடைய தனிப்பட்ட விழுக்காடு என்ன என்று அவரிடமே கேட்டால் எத்தனை மையங்களில் விடை கிடைக்கும்?

எண்ணை எட்டியதாலேயே தேர்ச்சி வந்துவிடுவதும் இல்லை. கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் பல மையங்களில் ஃபெலோக்களை ஒவ்வொரு சிகிச்சையாகப் பின்தொடர்ந்து மதிப்பிட்ட ஆய்வுகள் ஒரே செய்தியைச் சொல்கின்றன. சிலர் விரைவில் தேர்கின்றனர். சிலர் வரையறுத்த எண்ணைக் கடந்தும் தேர்வதில்லை. ஆகவே எண்ணிக்கை என்பது வாசல்படி மட்டுமே. உள்ளே நுழைந்தவர் தேர்ந்தாரா என்பதை அவருடைய விளைவுகளே சொல்ல முடியும்.

இந்தியாவுக்கு வருவோம். நோயாளிகள் எண்ணிக்கை இங்கே ஒரு குறையே அன்று. ஹைதராபாதின் ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு வெளிநாட்டு மருத்துவர்களும் பயிற்சிக்கு வருகின்றனர். அதன் நிறுவனர் டி. நாகேஷ்வர் ரெட்டிக்கு 2025இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. திறமையில் உலகத் தரத்துக்கு நிகரான கைகள் இந்நாட்டில் உண்டு என்பதில் ஐயமில்லை. ஐயம், அத்திறமை கைமாறும் வழியைப் பற்றியது. 'சிகிச்சை எண்டோஸ்கோப்பி ஃபெலோஷிப்' என்ற ஒரே பெயரில் ஆறு மாதப் பயிற்சியும் உண்டு, ஓராண்டுப் பயிற்சியும் உண்டு, அதனினும் நீண்டதும் உண்டு. சிலவற்றுக்குப் பல்கலைக்கழகம் சான்று தருகிறது. சிலவற்றுக்கு மருத்துவமனையே சான்று தந்துகொள்கிறது. சிலவற்றில் ஃபெலோவின் கைக்கே கருவி வருகிறது. சிலவற்றில் அவர் ஓராண்டு முழுவதும் வார்டு பார்த்து, ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கி, திரையைப் பார்த்துத் திரும்புகிறார். வெளியிலிருந்து பார்க்கும் நோயாளிக்கோ வேலை தரும் மருத்துவமனைக்கோ இவ்வேறுபாடு தெரிய வழியில்லை. சுவரில் தொங்கும் சட்டங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். கற்பவரின் கைக்கு யாருடைய உடல் வருகிறது? தனி அறைக்குப் பணம் கட்டி, மூத்த மருத்துவரின் பெயர் கேட்டு வந்தவருடையது வருவது அரிது. பொதுவார்டில் கிடப்பவருடையதே வருகிறது. இது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் மருத்துவக் கல்வி ஏழையின் படுக்கையருகே நின்றே வளர்ந்தது. ஆனால் இங்கே அதற்கு இன்னொரு மடிப்பு உண்டு. பொதுவார்டில் கற்ற கை பெரும்பாலும் பெருநகரத் தனியார் மருத்துவமனைக்கே செல்கிறது. கற்றுக்கொடுத்த உடலுக்குச் சொந்தக்காரரின் ஊருக்கு அது திரும்புவதில்லை. இதை மருத்துவரின் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது பொருந்தாது. எக்ஸ்ரே வசதியுள்ள எண்டோஸ்கோப்பி அறை, மயக்கவியல் மருத்துவர், பழகிய உதவியாளர், சிக்கல் நேர்ந்தால் தாங்கிக்கொள்ளும் அறுவை மருத்துவர் ஆகியோர் இல்லாத ஊருக்கு அவர் திரும்பினாலும் கற்றது வீண்தான்.

இந்த இடத்தில் நோய்களின் நிலப்படத்தையும் விரித்துப் பார்க்க வேண்டும். பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியிலும் வடகிழக்கிலும் மிகுதி. அந்நோயாளிகள் பலருக்கு அறுவை சிகிச்சைக்கான காலம் கடந்திருக்கும். அவர்களுக்குத் தேவை, அடைபட்ட நாளத்தில் ஒரு ஸ்டென்ட். தோல் அரிப்பு நின்று, காமாலை இறங்கி, எஞ்சிய மாதங்களை வீட்டில் கழிக்க அது உதவும். அதற்காகப் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் டெல்லிக்கும் வேலூருக்கும் ரயிலேறுகின்றன. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மறுபடியும் அதே பயணம். நாளத்தில் சீழ் கட்டி இரத்தத்தில் நஞ்சு ஏறியவருக்கோ பயணத்துக்கே நேரமில்லை. கடுமையான நிலையில் அடைப்பை மணிக்கணக்குக்குள் திறந்தாக வேண்டும். கழிப்பறை அமிலத்தைக் குடித்து உணவுக்குழாய் சுருங்கியவர்களுக்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப விரிவாக்கம் தேவை. சிரை நாளங்கள் வெடித்து இரத்தம் கக்குபவருக்கு அன்றிரவே கட்டுப் போட ஒரு கை வேண்டும்.

ஆனால் ஃபெலோஷிப்புகளின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. ஜப்பானின் ஹரூஹிரோ இனோவே 2008இல் முதன்முதலாகச் செய்த 'போயம்', உணவுக்குழாய்ச் சுவருக்குள் சுரங்கம் அமைத்துத் தசையை வெட்டும் அழகிய முறை. அதைப் போன்றவையே விளம்பரங்களிலும் நேரடிச் செயல்விளக்க அரங்குகளிலும் முன்வரிசை பெறுகின்றன. அவை தேவையற்றவை அல்ல. அகலேசியா நோயாளிக்கு அது மறுவாழ்வு. ஆயினும் அதற்கு நாட்டில் சில மையங்கள் போதும். கல்லெடுக்கவும் ஸ்டென்ட் வைக்கவும் தெரிந்த நிதானமான கை மாவட்டத்துக்கு ஒன்றேனும் வேண்டும். ஆகவே பயிற்சியை இரண்டு தட்டாகப் பிரிப்பதே அறிவுடைமை. முதல் தட்டு பித்தநாள அடைப்பு, இரத்தக்கசிவு, விரிவாக்கம் ஆகியவற்றில் முழுத் தேர்ச்சி, பலருக்கும் உரியது. இரண்டாம் தட்டு அல்ட்ராசவுண்ட் வழி வடிகால், சுரங்க முறைகள், பெரிய கட்டிகளை அடுக்கோடு உரித்தெடுத்தல், சிலருக்கே உரியது. இன்று இரண்டையும் ஓராண்டில் குழைத்து ஊட்ட முற்படுவதால், இரண்டாவதைப் பார்த்தும் முதலாவதில் பாதி பழகியும் வெளியேறுவோர் உருவாகின்றனர்.

கைத்திறனைப் பற்றியே பேசுவதால் இன்னொன்று மறக்கப்படுகிறது. கருவியை எப்போது எடுக்கக் கூடாது என்பதும் பயிற்சியின் பாடம். பித்தப்பை அகற்றியபின் தொடரும் வயிற்றுவலிக்காகச் சுருக்குத்தசையை வெட்டுவது அமெரிக்காவில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. நாள அடைப்புக்கான தெளிவான சான்று இல்லாத அத்தகைய 214 பேரிடம் நடந்த எபிசாட் ஆய்வு 2014இல் வெளிவந்தது. உண்மையில் வெட்டப்பட்டோரில் 23 விழுக்காட்டினரும், வெட்டியதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டோரில் 37 விழுக்காட்டினரும் பயன்பெற்றனர். வெட்டுவதில் எவ்வளவு தேர்ந்த கையாயினும் அங்கே செய்தது வீண் வேலை. கணைய அழற்சி வந்தவருக்கோ வீணினும் கொடியது. செய்த சிகிச்சைகளின் எண்ணிக்கையை மட்டுமே மதிக்கும் ஒரு பயிற்சி, செய்யாமல் விட்ட அறிவுக்கு எங்கே மதிப்பெண் போடும்?

பயிற்சியைப் பொது விவகாரமாக்கினால் என்ன மாறும் என்பதற்குப் பிரிட்டன் ஒரு சான்று. அங்கே மூன்று பகுதிகளில் 9,223 பெருங்குடல் எண்டோஸ்கோப்பிகளை ஆராய்ந்த தணிக்கை 2004இல் வெளிவந்தது. குடலின் கடைசிப் பகுதிவரை கருவி சென்றது என்பதை உறுதியாகச் சொல்லக்கூடியவை 56.9 விழுக்காடு மட்டுமே. தொடக்க நாட்களில் ஆசிரியர் மேற்பார்வை பெற்றிருந்த மருத்துவர்களும் சிறுபான்மையினரே. அந்த எண் மூடி மறைக்கப்படவில்லை. பெயர்பெற்ற இதழில் அச்சேறியது. அதையொட்டிப் பயிற்சி மையங்கள், மின்பதிவேடு, நேரடி மதிப்பீடு, மையங்களுக்கான அங்கீகாரம் எனப் பல ஏற்பாடுகள் வலுப்பெற்றன. 2011இல் நாடு முழுவதும் எடுத்த தணிக்கையில் அந்த விழுக்காடு 92.3ஆக உயர்ந்திருந்தது. மருத்துவர்களின் விரல்கள் ஏழாண்டில் மாறிவிடவில்லை. மாறியது, கற்பித்தலும் கணக்குக் காட்டும் ஒழுங்கும்.

இதற்கு இங்கே எழக்கூடிய மறுப்புகள் சில. கட்டுப்பாடு மிகுந்தால் பயிற்சி இடங்கள் சுருங்கும், மருத்துவர் பற்றாக்குறை கூடும் என்பது முதலாவது. அரைகுறைக் கை பற்றாக்குறையைத் தீர்ப்பதில்லை. அது உண்டாக்கும் சிக்கல்கள் பெருநகரத்தின் தீவிர சிகிச்சைப் படுக்கைகளையே மீண்டும் நிரப்பும். மேலும், மேலே சொன்ன இரு தட்டு முறை முதல் தட்டுக்கான இடங்களைப் பெருக்கவே செய்யும். விளைவுகளை வெளியிட்டால் கடினமான நோயாளிகளை மையங்கள் தவிர்க்கும் என்பது இரண்டாவது. இது வலுவான மறுப்பு. இதற்கு விடை, கடினத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறை ஏற்கெனவே உள்ளது என்பதே. நிலைவாரியாக வெளியிட்டால் கடினமானதை ஏற்றவர் தண்டிக்கப்பட மாட்டார். செயற்கை மாதிரிகளும் கணினிப் பயிற்சிக் கருவிகளும் போதாவா என்பது மூன்றாவது. தொடக்கநிலையில் அவை மிகவும் உதவும். முதல் இருநூறு பேரின் சுமையில் ஒரு பகுதியை ரப்பரும் பன்றியின் குடலும் ஏற்கட்டும். ஆனால் மூச்சுக்கு அசையும் குடலையும், வீங்கி நழுவும் பாப்பில்லாவையும் அவை முழுதாகத் தர இயலாது.

செய்யத்தக்கவை பெருஞ்செலவு கோருபவை அல்ல. தேசியத் தேர்வு வாரியம் சில துறைகளில் ஃபெலோஷிப்புகளைப் பொது நுழைவுத்தேர்வும் பொது இறுதித்தேர்வும் வைத்து நடத்திவருகிறது. சிகிச்சை எண்டோஸ்கோப்பி என்ற பெயரில் தரப்படும் பயிற்சி அனைத்தும் அத்தகைய ஒரே பாடத்திட்டத்தின்கீழ் வரலாம். தொடாத பாப்பில்லா, தாமே முடித்தது, ஆசிரியர் கைமாற்றியது, பார்த்தது எனத் தனித்தனிப் பத்திகள் கொண்ட ஒரே பதிவேடு நாடு முழுவதும் இருக்கலாம். ஐந்து நிமிடம், ஐந்து தொடுகை, கணைய நாளத்துக்குள் தவறுதலாக ஒருமுறைக்கு மேல் நுழைவு ஆகியவற்றில் எது கடந்தாலும் அது கடினமான பாப்பில்லா என்பது ஐரோப்பிய வரையறை. மாணவர் எப்போது கருவியை ஆசிரியரிடம் தர வேண்டும் என்பதற்கு இதைப்போல் எழுதிவைத்த ஒரு விதி ஒவ்வோர் அறையிலும் இருக்கலாம். விதி எழுத்தில் இருந்தால் மாணவரின் தன்மானமும் ஆசிரியரின் பொறுமையும் நோயாளியின் கணையத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஃபெலோவுடன் உதவியாளருக்கும் பயிற்சி தரப்பட வேண்டும். கம்பியின் மறுமுனை பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. கருவியைக் கழுவிக் கிருமி நீக்குபவரும் அவரே. 2015இல் லாஸ் ஏஞ்சலிஸின் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில், விதிப்படி கழுவப்பட்ட கருவிகள் வழியாகவே மருந்துக்கு அடங்காத கிருமி நோயாளிகளுக்குப் பரவியது. அங்கேயே அப்படியென்றால், கழுவுவதைக் கடைநிலை வேலையாகக் கருதும் இடங்களில் கூடுதல் விழிப்பு வேண்டும். பெண் மருத்துவர்கள் இத்துறையில் ஏன் அரிதாக இருக்கிறார்கள் என்பதும் பயிற்சி அமைப்பு விடைசொல்ல வேண்டிய கேள்வியே. ஃபெலோஷிப் வரும் வயது முப்பதை ஒட்டியது. மகப்பேற்றுக் காலமும் அதுவே. உடலுக்குப் பொருந்தும் ஈயக் கவசம், கதிர்வீச்சு அளவி, இடைநிறுத்தித் தொடரும் உரிமை ஆகியவை எழுத்தில் இல்லாத இடத்தில் திறமை தகுதியால் வடிகட்டப்படுவதில்லை.

கடைசியாக, ஒப்புதல் படிவம். பயிற்சியிலிருக்கும் மருத்துவர் இச்சிகிச்சையில் பங்கேற்பார், மூத்தவர் அருகிலிருப்பார், தேவைப்பட்டால் கருவியை வாங்கிக்கொள்வார் என்ற மூன்று செய்திகள் நோயாளியின் மொழியில் அதில் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் எவரும் சம்மதிக்க மாட்டார்கள் என்ற அச்சம் நோயாளிகளைக் குறைத்து மதிப்பிடுகிறது. தம் பிள்ளைகள் எவரிடமேனும் கற்றுத்தான் ஆக வேண்டும் என்பதை அறியாத மக்கள் இந்நாட்டில் இல்லை. சொல்லிக் கேட்டால் தருவார்கள். சொல்லாமல் எடுத்துக்கொள்வது வேறு.

ஒவ்வொரு தேர்ந்த கைக்குப் பின்னாலும் முதல் இருநூறு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் எந்தச் சான்றிதழிலும் அச்சாவதில்லை. அச்சாக வேண்டியதும் இல்லை. அவர்கள் தந்தது கணக்கில் வர வேண்டும், அவர்களுக்கு நேர்ந்தது எழுதப்பட வேண்டும், அவர்களால் உருவான கை அவர்களுடைய ஊர்களுக்கும் எட்ட வேண்டும். இம்மூன்றையும் உறுதிசெய்யாத எந்தப் பயிற்சியையும் உயர்நிலைப் பயிற்சி என்று அழைப்பது பொருந்தாது.